உருளைக்கிழங்கு நுரைத்த நாள்

ஆராய்ச்சிப் படிப்பின் இரண்டாம் வருடம், மகளை அக்காவிடம் விட்டுவிட்டுத் திண்டுக்கல்லில் அறை எடுத்துத் தங்கினேன். அவளுக்கு அப்போது இரண்டு வயது. கணவருக்கு ஓசூரில் வேலை. அக்கா வீட்டுக்குச் செம்பட்டியில் இறங்கி மினி பஸ் மாற வேண்டும். கடைசி பஸ் ஆறு மணிக்கு. என் வேலை ஒருநாளும் ஆறுக்குள் முடிந்ததில்லை. சனிக்கிழமை மட்டும் சீக்கிரம் கிளம்பிப் போவேன்.

தோல் ஆலையிலிருந்து கேனில் வரும் கழிவுநீர் கெட்டி டிக்காஷன் நிறத்தில் இருக்கும். அதில் அமிலம் விட்டு, தேங்காய் ஓட்டுக் கரியில் இரும்பு ஏற்றி நானே செய்த வினையூக்கியைப் போட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுவேன். பெராக்சைடு உடைந்து அழுக்கை எரிக்கும். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வெளிறிவிடும். அதன்பிறகு எவ்வளவு அழுக்கு மிச்சம் என்று பார்க்க, மாதிரியை இரண்டு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். அந்த இரண்டு மணி நேரம்தான் பெரும்பாடு. அக்கா அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆடி மாதத்தில் எல்லாம் தலைகீழானது. பெராக்சைடைக் கூட்டக் கூட்டத் தண்ணீர் தெளிந்தது. சோதனையிலோ அழுக்கு ஏறிக்கொண்டே போனது. "திரும்பச் செஞ்சு பாரும்மா" என்றார் என் பேராசிரியை. செய்தேன். இரண்டு சனிக்கிழமைகள் ஊருக்குப் போகவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம் அக்கா கூப்பிட்டாள்.

"பதறாத. பிள்ளை கீழ விழுந்துட்டா. முழங்கால்ல சிராய்ப்பு, அம்புட்டுத்தான். நர்ஸம்மா ஏதோ மருந்து ஊத்துச்சு, நுரை நுரையாப் பொங்குச்சு. அதப் பாத்துத்தான் ரொம்ப அழுதா."

"என்னையத் தேடுனாளாக்கா?"

"இப்பத் தூங்குறா" என்றாள்.

போனை வைத்துவிட்டு அழுதேன். அழுதபடியே அந்த நுரையை நினைத்தேன். அது நான் தினமும் ஊற்றுகிற பெராக்சைடுதான். ரத்தம் பட்டால் உடைந்து பொங்கும். என் குடுவையில் அது உடையாமல் மிஞ்சியிருந்தால்? பச்சை உருளைக்கிழங்கும் பெராக்சைடை அப்படியே பொங்க வைக்கும் என்று பள்ளியில் பார்த்திருக்கிறேன். கேன்டீனில் ஒன்று வாங்கி வந்து, ஒரு துண்டு நறுக்கித் தெளிந்த தண்ணீரில் போட்டேன். துண்டைச் சுற்றி நுரை கட்டியது. மிஞ்சிய பெராக்சைடையும் அந்தச் சோதனை அழுக்கு என்றே காட்டியிருக்கிறது. காரம் சேர்த்துச் சூடாக்கி அதை அழித்துவிட்டுச் சோதித்தால் போதும். அதைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் அப்படியே மூடிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

அக்கா இடுப்பில் இருந்தாள் மகள். இரண்டு கையையும் நீட்டினேன். பெராக்சைடு பட்டு என் விரல் நுனிகள் வெளுத்துக் கிடந்தன. அவற்றைப் பார்த்தவள் அக்கா கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மா, வேணாம்" என்றாள்.

"நான் பெரியம்மாடி. உங்கம்மா அந்தா நிக்கிறா பாரு." அக்கா அவளை என் பக்கம் திருப்பினாள்.

"விடுக்கா" என்றேன்.

மறுநாள் காலையில்தான் தலை சீவ விட்டாள். அந்தச் சின்னத் தலையைப் பிடித்துக்கொண்டு, சீவி முடித்த பிறகும் சீவிக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை சோதனை சரியாக வந்தது. படிப்பு முடிந்ததும் அவளைத் திண்டுக்கல்லுக்கு அழைத்து வந்துவிட்டேன். பெரியம்மாவைக் கேட்டுப் பல நாள் அழுதாள். இப்போது பள்ளிக்குப் போகிறாள், வாய்க்கு வாய் அம்மா என்கிறாள். ஆனாலும் அவள் முதன்முதலாக ஒரு முழு வாக்கியம் பேசியபோது நான் பக்கத்தில் இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைச் சொல்லச் சொல்லி அக்காவைக் கேட்கிறேன். பூக்கட்டியபடியே அவளும் சலிக்காமல், கடைசிச் சொல்லை மட்டும் எனக்காக மாற்றிச் சொல்கிறாள்: "கோழி முட்டை மேல உக்காந்திருக்கு பெரியம்மான்னா."