அரசாங்கம் வைத்த உண்டியல்

வங்கியில் இருந்தவர்களுக்குத் தெரியும்: காசு எண்ணக் கை பழகினால் போதும், ஒரு சுற்றறிக்கையை நாலு பேருக்கு விளங்கப்படுத்த ஏழு பிறவி வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் கதிரை போட்டிருந்து, எதிரில் நிற்பவரின் முகத்தில் "இவன் என்னத்தைச் சொல்லுறான்" என்ற பார்வையைக் கண்டு தலையைச் சொறிந்த அனைவரும் என் சொந்தக்காரர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் இருக்கிற ஊர்காவற்றுறையில், ஒரு வங்கிக் கிளையில் நான் எழுதுவினைஞன். வீடு நாரந்தனை, சைக்கிளில் போய்வரும் தூரம். ஒரு திங்கட்கிழமை கொழும்புத் தபாலைப் பிரித்த மனேஜர் அதிலிருந்த சுற்றறிக்கை ஒன்றை என் மேசையில் வைத்தார். இனிமேல் பொதுமக்களும் அரசாங்கத்துக்கு மூன்று மாதக் கடன் கொடுக்கலாம், அதற்கான பத்திரத்தைக் கிளைகள் விற்கவேண்டும் என்று அதில் இருந்தது. அந்தப் பத்திரத்துக்குத் தமிழில் 'திறைசேரி உண்டியல்' என்று பெயர் வைத்திருந்தார்கள்; திறைசேரி என்றால் அரசாங்கத்தின் கஜானா. வைத்த புண்ணியவான் எவரோ, அவர் ஒருநாளும் தீவுப் பக்கம் வந்திருக்க மாட்டார். அந்தப் பெயரால் நான் பட்ட பாடும், அதில் ஒருவருடைய கிணற்றைக் கெடுக்கப் பார்த்த கதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

எனக்கு முதலில் வந்தது ஒரு சின்னச் சந்தேகம். காசை அச்சடிக்கிறதே அரசாங்கம்தான், பிறகேன் எங்களிடம் கடன் கேட்கிறது என்று மனேஜரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது எனக்கும் தெரியாது ஐசே. முதல்ல வித்துப்போட்டுப் பிறகு யோசிப்பம்."

எந்தக் கோயில்?

விளம்பரப் பலகையில் 'திறைசேரி உண்டியல் இங்கே' என்று கொட்டை எழுத்தில் நானே எழுதித் தொங்கவிட்டேன். அடுத்த நாள் காலையிலேயே எங்கள் ஊர் அன்னலட்சுமி அக்கா வந்துவிட்டார். கைலேஞ்சியில் சில்லறையை முடிந்து வைத்திருந்தார். கவுண்டரின் மேலே பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார், காசாளரின் கூண்டுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். உண்டியல் பெட்டியைத் தேடுகிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அவரை வாங்குப் பலகையில் இருத்தி, இது நேர்த்திக்கடன் போடுகிற உண்டியல் இல்லை, அரசாங்கம் வாங்குகிற கடன், போட்ட காசு வட்டியோடு திரும்பி வரும் என்று பத்து நிமிடம் சொன்னேன். திரும்பி வரும் என்றதும் அக்காவின் முகம் மாறிவிட்டது. உண்டியலில் போட்டதைத் திருப்பி எடுப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று யோசித்திருக்கவேண்டும். முடிச்சை இன்னும் இறுக்கிக்கொண்டு எழும்பினார்.

"அதெல்லாம் சரி தம்பி, திறைசேரி எண்ட கோயில் எந்தப் பக்கம் கிடக்கு? அங்கை இருக்கிறது அம்மனோ, பிள்ளையாரோ?"

காதோடு கேட்டவர்

எங்கள் பக்கத்தில் உண்டியலுக்கு இன்னொரு பொருளும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் மகன் அங்கே ஒருவரிடம் காசைக் கொடுப்பான். இங்கே இன்னொருவர் சைக்கிளில் வந்து வீட்டில் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போவார். இடையில் வங்கியும் இல்லை, கடுதாசியும் இல்லை. அதுவும் உண்டியல்தான்.

வேலணையிலிருந்து வந்த ஒரு பெரியவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கவுண்டர் இடைவெளிக்குள் தலையை விட்டு, ஜேர்மனிக் காசு வந்துவிட்டதா என்று என் காதோடு கேட்டார். நான் பலகையைக் காட்டி மறுபடியும் என் பாடத்தைத் தொடங்கினேன். அவர் பாதியில் கையை உயர்த்தினார். அவருக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான்: இவ்வளவு நாளும் ஒளித்து நடந்த தொழிலை அரசாங்கம் பலகை போட்டு நடத்தத் தொடங்கிவிட்டது. உண்மையாகவே கவலைப்பட்டார்.

"அரசாங்கமே உண்டியலுக்கு இறங்கிட்டுதெண்டால், சைக்கிளில வாற அந்தப் பொடியன் இனிப் பிழைப்புக்கு எங்கை போவான்?"

தொண்ணூற்றேழு ரூபாய்க்கு நூறு

நாகேசு முதலாளி புங்குடுதீவு. தெற்கே ஒரு பட்டணத்தில் முப்பது வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் தமிழன் கடை என்று எரித்துவிட்டார்கள். வங்கியில் கிடந்ததை மட்டும் எங்கள் கிளைக்கு மாற்றிக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். செவ்வாய்க்கிழமைகளில் வருவார், வாங்கில் இருப்பார், உண்டியலைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார், வாங்காமல் போவார். அவருடைய கேள்விகளுக்காகவே நான் சுற்றறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒருநாள் விலையைப் பற்றிக் கேட்டார். நூறு ரூபாய் என்று போட்ட உண்டியலைத் தொண்ணூற்றேழு ரூபாய்க்குக் கொடுப்போம், மூன்று மாதத்தில் அரசாங்கம் நூறாகத் தரும், அந்த மூன்று ரூபாய்தான் வட்டி என்றேன். முதலாளி நம்பவில்லை. போட்ட விலைக்குக் கீழே ஒருவன் விற்றால் ஒன்றில் சாமான் பழுது, இல்லையென்றால் கடைக்காரன் ஓடப்போகிறான் என்பது அவருடைய முப்பது வருடப் படிப்பு. அரசாங்கம் ஓடாது முதலாளி என்றேன், கொஞ்சம் பெருமையாக. அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. எனக்குத்தான் ஏன் சொன்னேன் என்று ஆகிவிட்டது.

"ஓடாதுதான் தம்பி. என்ர கடை எரியேக்கையும் ஓடாமல் நிண்டு பாத்துக்கொண்டுதானே நிண்டது."

சினைக்காலம்

நெடுந்தீவு றோசலின் அக்கா கணவர் இறந்தபின் மாடுகளை வைத்தே வீட்டை நடத்தியவர். காலை வள்ளத்தில் ஏறி, குறிகட்டுவான் துறையில் இறங்கி, பஸ் பிடித்து எங்களிடம் வந்து சேரும்போது பதினொரு மணி ஆகிவிடும். அன்றைக்கு மடியில் கட்டிக்கொண்டு வந்தது ஏழு பசு விற்ற காசு.

நெடுந்தீவில் பாதிக் கிணறு உவர். அக்காவின் வளவுக் கிணற்றுத் தண்ணீரை மாடே முகர்ந்துவிட்டுத் திரும்பும். பக்கத்துக் காணியில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று இருந்தது. காணிக்காரர் கொழும்பில், மூன்று மாதம் கழித்துக் கோயில் திருநாளுக்கு வருகிறார், வந்தால் காணியை எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் காசு வீட்டில் கிடந்தால் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கைமாற்றுக் கேட்பார்கள் என்றுதான் இங்கே கொண்டுவந்தார். இருபது வருடமாகக் குடத்தோடு நடந்த கால், இனி நடக்க ஏலாது என்றார்.

உண்டியலை விளங்கப்படுத்த எனக்கு அன்றைக்குக் கஷ்டமே இருக்கவில்லை. முதிர்வுக் காலம் மூன்று மாதம் என்றதும் அவரே மாட்டுக் கணக்கில் பிடித்துக்கொண்டார். போட்ட காசு பசு, வருகிற வட்டி கன்று. ஒரு இடத்தில் மட்டும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை.

"ஆடே ஐஞ்சு மாசம் சுமக்கும், மாட்டுக்கு ஒன்பது. மூண்டு மாசத்தில ஈனுற இது என்ன சாதி தம்பி?"

நான் போட்ட சரி

படிவத்தின் அடியில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று, முதிர்ந்ததும் காசாகத் தருக. மற்றது, முதிர்ந்ததும் மீண்டும் முதலிடுக. அக்கா கையெழுத்து வைத்துவிட்டு வள்ளத்துக்கு நேரமாகிறது என்று ஓடிவிட்டார். இரண்டு பெட்டியும் வெறுமையாக இருந்ததை நான் பிறகுதான் கண்டேன். பாவம், இன்னொரு கன்றும் கிடைக்கட்டும் என்று இரண்டாவது பெட்டிக்குள் சரி போட்டேன். வேண்டுமென்றால் இடையில் எடுக்கலாம் என்று எனக்குள் ஒரு நினைப்பு. கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம். கேட்கவில்லை. கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு வருகிற பெரிய வியாதி, அடுத்தவருக்கு எது நல்லதென்று தெரியும் என்ற இந்த நினைப்புத்தான்.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா வந்தார், நல்ல சேலை உடுத்து. காணிக்காரர் அடுத்த தெருவில் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசின் கந்தோரில் இருக்கிறாராம், காணி உறுதி எழுதத் தயாராம். அவர் மத்தியான பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்க் கொழும்புக்கு இரவு ரயில் எடுக்கவேண்டுமாம். காசு இன்றைக்கு இல்லையென்றால் காணியைக் கேட்டு நிற்கிற இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவாராம். நான் பதிவைப் புரட்டினேன். முதல்நாளே கொழும்பில் காசை மறுபடியும் மூன்று மாதத்துக்குப் போட்டுவிட்டார்கள். பதிவோடு மனேஜரிடம் ஓடினேன். மனேஜர் தொலைபேசியை எடுத்தார், வழக்கம்போல அதற்கு உயிர் இல்லை.

நடந்ததைச் சொன்னேன், சரி போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். அக்கா சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"மேய்க்கத்தானே தம்பி தந்தனான். என்னைக் கேளாமல் திரும்பவும் காளைக்கு விட்டிட்டீரே."

கன்று யாருக்கு?

வாங்கில் நாகேசு முதலாளி இருந்தார். செவ்வாய்க்கிழமை அல்லவா. அன்றைய கேள்வியைக் கேட்க வாய் திறந்தவர் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வழி இருக்கிறது என்றார் மனேஜர். உண்டியலை அக்கா வேறொருவருக்கு விற்கலாம், கடிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால் பெயரை மாற்றிவிடலாம். ஆனால் ஊர்காவற்றுறையில் அரை மணித்தியாலத்துக்குள் உண்டியல் வாங்க யார் இருக்கிறார்கள்? இத்தனை மாதத்தில் நான் விற்றதே ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

முதலாளி எழும்பி வந்தார். அக்காவிடம் அரசாங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிணற்றைப் பற்றிக் கேட்டார்.

"ஆவணியில வத்துமோ?"

"நான் கண்ட நாளில வத்தேல்லை."

"வேற ஆக்களும் அள்ளலாமோ?"

"தண்ணிக்கு ஆரும் பூட்டுப் போடுவினமோ முதலாளி?"

அவர் சேமிப்புப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். கடைசியில் அரசாங்கத்தை நம்பிவிட்டீர்கள் என்று மனேஜர் பகிடி விட்டார். "அரசாங்கத்தை ஆர் நம்பினது? நான் இவவின்ர கிணத்தை நம்பிறன்" என்றார் முதலாளி. நான் கடிதத்தை எழுதி, முதிர்ந்ததும் காசாகத் தருக என்பதையும் சேர்த்து, ஒவ்வொரு வரியையும் இரண்டு பேருக்கும் இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

அப்போதுதான் ஒரு புதுச் சிக்கல் வந்தது. மூன்று மாதம் கழித்து வரும் வட்டி தனக்கு வேண்டாம், அது அக்காவுக்குச் சேரவேண்டியது என்றார் முதலாளி. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. நொத்தாரிசு காத்திருக்கிறார், பஸ்ஸுக்கு நேரமாகிறது, இவர்கள் இரண்டு பேரும் வட்டியை ஒருவர் மேல் ஒருவர் தள்ளிக்கொண்டு நிற்கிறார்கள். வங்கியில் அப்படி ஒரு சண்டையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கடைசியில் அக்கா நோட்டுக் கட்டை மடியில் செருகிக்கொண்டு படியிறங்கும்போது தீர்ப்புச் சொன்னார்.

"பசு இண்டைக்கு எனக்கு வேணும், கொண்டுபோறன். ஈனுமட்டும் காவல் இருக்கிறவருக்குத்தான் கண்டு."

போத்தல்

உறுதி எழுதி முடிந்தது, காணிக்காரருக்கு பஸ்ஸும் கிடைத்தது. இரண்டு கிழமை கழித்து அக்கா வந்து ஒரு பழைய போத்தலைக் கவுண்டரில் வைத்தார். நெடுந்தீவிலிருந்து கடலைத் தாண்டி, பஸ்ஸில் குலுங்கி வந்த தண்ணீர். எல்லார் முன்னாலும் அண்ணாந்து குடித்தேன். நல்ல தண்ணீர். கண் கலங்கியதைப் புரைக்கேறியது என்று சமாளித்தேன்.

"இன்னும் குடியும் தம்பி. நீர் போட்ட சரி அந்தளவில கழுவுப்படட்டும்."

நேரம் தவறாதவர்கள்

முதலாளியின் உண்டியல் முதிர்ந்த நாளன்று சண்டையால் தீவுப் பக்கம் நிலைமை சரியில்லை. வள்ளங்கள் ஓடவில்லை, பஸ்ஸும் ஒன்றிரண்டுதான். அவர் புங்குடுதீவிலிருந்து சைக்கிளிலேயே வந்துவிட்டார். காசு வராது என்று நிச்சயமாக நம்பிக்கொண்டு, அதைத் தன் கண்ணால் பார்க்கத்தான் வந்திருந்தார் என்று நினைக்கிறேன். கொழும்பிலிருந்து அறிவித்தல் முதல்நாளே வந்திருந்தது. சொன்ன நாளில், சொன்ன தொகை, சதம் குறையவில்லை.

நான் வெற்றிக் களிப்போடு நோட்டுகளை எண்ணி வைத்தேன். முதலாளி தானும் ஒருமுறை எண்ணினார். பிறகு எடுக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவும் போடப்போகிறாரோ என்று படிவத்தை எடுத்தேன், இந்தமுறை பெட்டிகளைத் தொடாமல். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். அது ஒரு செவ்வாய்க்கிழமை இல்லை, ஆனாலும் அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. அறியவேண்டும் என்றுதான் கேட்டார்.

"குறிச்ச நாளுக்குப் பிந்தாமல் வாற ஆக்கள்தான் தம்பி, நான் இப்ப கண்ணால கண்டிட்டன். அப்ப என்ர கடை எரிஞ்ச அண்டைக்கு மட்டும் ஏன் வரப் பிந்தினவை?"

அதற்குப் பிறகு எத்தனையோ சுற்றறிக்கைகளைப் பிரித்துப் படித்து ஊருக்கெல்லாம் விளங்கப்படுத்தியிருக்கிறேன், நாகேசு முதலாளியின் கேள்விக்குப் பதில் எழுதிய சுற்றறிக்கையை மட்டும் தபாலில் எங்கேயோ தவறவிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.