என் மனைவியின் இரண்டு கணவர்கள்

என் மனைவி காலமாகி ஐந்து மாதங்கள் கழித்து, அவளுடைய குடும்ப வரலாற்றுப் புத்தகம் கிங்ஸ்பரி வீட்டுக்குத் தபாலில் வந்தது. அவள் திரட்டிவைத்த குறிப்புகளைத் தொகுத்து அச்சிட்டு அனுப்பியவர் அவளுடைய தம்பி. அறுபத்தோராம் பக்கத்தில் அவள் பெயருக்குக் கீழே இரண்டு கணவர்கள் இருந்தார்கள். முதலாமவருக்குப் பிள்ளைகள் இல்லை; இரண்டாமவருக்கு ஒரு மகள். இருவரும் நான்தான்.

அவள் ஆங்கிலேயப் பெண். தேம்ஸ் கரையோரத் தேவாலயப் பங்கு ஒன்றில் ஞானஸ்நானம் பெற்று, மணமுடித்து, அடக்கமும் செய்யப்பட்ட தன் முன்னோர்களைத் தேடுவதில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளைச் செலவிட்டாள். சனிக்கிழமைகளில் ஆவணக் காப்பகத்துக்கு நானும் போவேன். பதிவேடுகளில் குருமார் கிறுக்கிவைத்த அரைகுறை லத்தீன் அவளுக்குப் பிடிபடாது. நான் ஊரில் ரோமன்-டச்சுச் சட்டம் படிப்பதற்காக லத்தீன் கற்றவன். எதையாவது கண்டுவிட்டால், அந்த நிசப்தமான வாசிப்பறையில் "இஞ்சருங்கோ!" என்று கூப்பிடுவாள். கணவனைப் பெயர் சொல்லி அழைக்காத எங்கள் பெண்களின் விளி அது. அவள் அதை என் தாயிடம் கற்றுக்கொண்டாள். எல்லா மேசைகளும் திரும்பிப் பார்க்கும்.

அவளுக்கு ஒரே விதிதான் இருந்தது: பெயர்ப்பட்டியலை நம்பாதே, மூலப்பக்கத்தைப் பார். தம்பியோ பட்டியலை மட்டுமே பார்த்தார்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் பெயருக்குப் பின்னால் வருவது என் தந்தையின் பெயர். என் மனைவியின் பெயருக்கும் மகளின் பெயருக்கும் பின்னால் வருவது என் பெயர். எனவே திருமணப் பட்டியலில் குடும்பப் பெயராக என் தந்தையின் பெயர் இருந்தது. மகளின் பிறப்புப் பட்டியலிலும் மனைவியின் இறப்புப் பட்டியலிலும் என் பெயர் இருந்தது. முன்னொரு காலத்தில் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் என்னை முன்பின் அறியாத அதிகாரி ஒருவருக்கு இதை விளக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மைத்துனர் எங்கள் மேசையில் முப்பது ஆண்டுகள், டிசம்பர்தோறும், நத்தார் விருந்து உண்டவர்.

மகள் அந்த அறுபத்தோராம் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அப்பா, பேசாம விடுங்கோ. அம்மா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. ரெண்டு மாப்பிள்ளையும் நீங்கள்தானே, ஆரிலை பொறாமை?"

"மாமா காப்பகத்துக்கும் ஒரு புத்தகம் குடுத்திட்டாராம்."

"அதை ஆர் போய்ப் பாக்கப் போகினம்?"

"இருநூறு வருஷம் கழிச்சு ஒருத்தி வந்து பாப்பாள். உன்ரை அம்மாவைப் போல ஒருத்தி."

அவள் சிரிப்பு நின்றது.

மறுநாள் லூயிஷாமில் மைத்துனரின் வீட்டுக்குப் போனேன். தேநீர் தந்தார். நான் அதைத் தொடவில்லை. பக்கத்தை விரித்து வைத்து, என் கேள்வியை ஒரே வாக்கியத்தில் கேட்டேன்.

"இரண்டு பேருடைய பெயரும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததைக் கவனித்தேன்," என்றார் ஆங்கிலத்தில், மிகுந்த பணிவோடு. "உங்கள் பக்கத்தில் அது பரவலான பெயர் என்று நினைத்தேன்."

"என்னிடம் கேட்டிருக்கலாமே."

"அக்கா முதல் திருமணத்தை உங்களிடமிருந்து மறைத்திருந்தால்? உங்களை நோகடிக்க விரும்பவில்லை."

என் மனம் நோகக்கூடாது என்பதற்காகத் தன் அக்காவைப் பொய்க்காரி ஆக்கி, அதற்கு அட்டையும் போட்டு, உறவினர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

"எங்கள் திருமணத்துக்கு நீங்கள் வந்திருந்தால் மாப்பிள்ளை யார் என்று தெரிந்திருக்கும்," என்றேன்.

அவர் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பிறகு, "அக்காவின் ஆய்வுக் கோப்பில் உங்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தாள். அது வெறுமையாக இருந்தது," என்றார்.

அது உண்மை. அந்தப் பக்கத்தை எழுதித் தரும்படி அவள் பலமுறை கேட்டாள். எங்கள் பக்கம் பதிவேடு இல்லை, பாட்டனாருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, பிறகு பார்ப்போம் என்று தட்டிக்கழித்தவன் நான். மற்றவர்களின் மூதாதையரை முந்நூறு ஆண்டுகள் பின்னோக்கி வாசித்துக் கொடுத்தவனுக்கு, தன் தந்தையின் பெயரை ஒரு தாளில் எழுதிவைக்க நேரமிருக்கவில்லை. அன்று அந்த அறையில் என் கோபத்துக்கு உரியவர்கள் இருவர் இருந்தார்கள். ஆயினும் வந்த காரியத்தை நான் விடவில்லை. மறுபதிப்புக்கு அவர் உடன்பட்ட பின்னர், காப்பகப் பிரதியைப் பற்றிக் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை இருவரும் காப்பகத்துக்குப் போனோம். வைப்பில் சேர்ந்த நூலைத் திருப்பித் தர இயலாது, அதில் எவரும் எழுதவும் கூடாது. நூலை அளித்தவர் கையொப்பமிட்ட திருத்தக் குறிப்பை அதனோடு சேர்த்து வைக்கலாம் என்றார் அலுவலர். வாசிப்பறைக்குள் பென்சிலுக்கு மட்டுமே அனுமதி. பென்சில் எழுத்து அழியும். மைத்துனரை வெளியே நடைவழி மேசைக்கு அழைத்து வந்து என் பேனாவைக் கொடுத்தேன்.

நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அவருடைய அக்கா ஒருமுறை மட்டுமே மணம் முடித்தாள். புத்தகத்தில் உள்ள இருவரும் ஒருவரே. என் பெயர், என் தந்தையின் பெயர், பாட்டனாரின் பெயர் ஆகியவற்றை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். பிறகு இறுதி வாக்கியம்: "அந்தத் திருமணத்துக்கு எனக்கு அழைப்பு வந்தது, நான் போகவில்லை."

பேனா நின்றது. "இது அவசியமா?"

"அவசியம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை. எழுதினார், கையொப்பமிட்டார். தாளை வாங்கி இருமுறை வாசித்தேன். மை காயும்வரை காத்திருந்து, நானே கொண்டுபோய் அலுவலரிடம் ஒப்படைத்தேன்.