மார்லிஸின் பொழுதுபோக்கு

வெர்லின் ஹாக்ஸ்டாட் தன் வாழ்நாளில் யாரையும் ஏமாற்றியதில்லை, பிடித்த மீனின் நீளத்தைச் சொல்லும்போது தவிர. மினசோட்டாவில் அதையெல்லாம் பொய்யில் சேர்ப்பதில்லை.

போன வருடம் அவன் மனைவி மார்லிஸ், ஐம்பது தாண்டிய வயதில், சமூகக் கல்லூரியில் வெல்டிங் வகுப்பில் சேர்ந்தாள். பள்ளிக்கூடத்துச் சமையல் வேலையை விட்டு ஏதாவது பட்டறைக்குப் போய்விட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வெர்லின் காபிக் கடையில் அதை வேறு மாதிரிச் சொன்னான்.

"அவளுக்குப் பொழுது போகல. மத்தவங்க கம்பளியில பின்னுவாங்க, இவ இரும்புல பின்னுறா."

கடையே சிரித்தது. சிரிப்பு மார்லிஸ் காதுவரை வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊரில் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் பெரிய கோபம்.

மார்ச் மாதம். ஏரியில் இன்னும் பனிக்கட்டி. அது உடைவதற்குள் படகுக்குப் புது மோட்டார் வாங்கிவிட வேண்டும். வரியில் திரும்பி வரும் பணத்தைத்தான் வெர்லின் நம்பியிருந்தான். சர்ச்சின் கீழ்த்தளத்தில், வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஆர்டிஸ் எல்லோருக்கும் இலவசமாக வரிக்கணக்கு எழுதித் தருவாள். இருவரும் அவள் எதிரே உட்கார்ந்தார்கள். பின்னால் வரிசையில், எலுமிச்சைக் கேக்கோடு, காபிக் கடைக் கூட்டம்.

"கல்லூரிக் கட்டணம் கட்டியிருக்கீங்களே. இதுக்குச் சலுகை உண்டு," என்றாள் ஆர்டிஸ்.

"படிச்சது அவ. எனக்கெப்படி?"

"சேர்ந்துதானே கணக்குக் காட்டுறீங்க? அப்ப ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்."

"கல்யாணத்தன்னிக்குப் பாதிரியாரும் இதையேதான் சொன்னாரு. அன்னிக்குக் காசு ஒண்ணும் வரல."

ஆர்டிஸ் சிரிக்கவில்லை. கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது.

"பட்டப்படிப்பு இல்ல, தனி வகுப்பு. தொழிலுக்குன்னா சலுகை. பொழுதுபோக்குன்னா கிடையாது. நான் கேள்விப்பட்டது பொழுதுபோக்குன்னு."

"எவன் சொன்னான்?"

"நீதாம்ப்பா."

வரிசையில் யாருக்கோ கேக் புரையேறியது. வெர்லின் மனைவியைப் பார்த்தான். அவள் மணிக்கட்டில் தீப்பொறி விழுந்த தழும்பு, சின்னதாக, ஒரு முற்றுப்புள்ளி போல.

"நீயே சொல்லேன், மார்லிஸ்."

"நான் வருஷம் பூரா சொல்லியாச்சு. இப்ப உன் முறை."

அவன் மனதுக்குள் மோட்டார் ஒருமுறை உறுமி அடங்கியது.

"தொழிலுக்குத்தான்," என்று முணுமுணுத்தான்.

"அந்தப் பக்கக் காது எனக்குக் கேக்காது," என்றாள் ஆர்டிஸ்.

"தொழிலுக்குத்தான் படிக்கிறா! வெல்டர் ஆகப்போறா! நல்லாவே பத்தவைக்கிறா! என் படகு இழுக்குற டிரெய்லர் உடைஞ்சப்ப ஒட்டினது அவதான்!"

வரிசையிலிருந்து ஒரு குரல்:

"அத நீயே ஒட்டினதாதானப்பா சொன்ன?"

வெர்லினின் முகம் கழுத்துவரை சிவந்தது. ஆர்டிஸ் மும்முரமாகத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். கையெழுத்துப் போடும்போது மார்லிஸ் முதல்முறையாகச் சிரித்தாள், காகிதத்தைப் பார்த்து.

வண்டியில் ஏறியதும் சொன்னாள்:

"டிரெய்லருக்குப் பில் போடணும்."

"என்ன பில்லு?"

"பொழுதுபோக்கா இருந்தவரைக்கும் ஓசி. இப்பத் தொழிலாச்சே. ஊருக்கே கேக்குற மாதிரி நீதானே கத்தின?"

வெர்லின் வண்டியைக் கிளப்பினான். வீடு நெருங்கும்போது, கொஞ்சம் சின்ன மோட்டாரே போதும் என்று அவனுக்குத் தோன்றியது.