ஆபீஸ் வழியாக விசாரித்த மகன்

ஹம்பர்க்கில் திறந்திருக்கும் கதவையும் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். வந்து இத்தனை வருடமாகியும் அந்தச் சத்தத்துக்கு நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், கெர்னல் எனப்படும் இயங்குதள மையத்தைத் திருத்தும் குழுவில் இருந்தேன். வெளியே ஓடும் நிரல்கள் கெர்னலிடம் எதைக் கேட்டாலும் சிஸ்டம் கால் என்ற வாசலில்தான் கேட்க வேண்டும். அங்கே சோதனை உண்டு. ஆனால் கெர்னலுக்கு உள்ளேயே இருந்த சில பகுதிகளும் அதே வாசலுக்குச் சுற்றிவந்து கேட்டுக்கொண்டிருந்தன. அவற்றுக்காகச் சோதனையைத் தளர்த்த வேண்டியிருந்தது. மறுபடி இறுக்க மறந்தால் கண்டவனும் உள்ளே நுழையலாம். அந்த அழைப்புகளை ஒவ்வொன்றாக நீக்கி, உள்ளே உள்ளதை நேராகவே அழைக்கும்படி மாற்றுவது என் வேலை.

உடன் வேலை செய்த உல்ரிகே ஒருநாள் திரையைக் காட்டிச் சிரித்தாள். "வீட்டுக்குள் இருப்பவன் ஏன் வெளியே போய் மணியடிக்கிறான்?" நான் சிரிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்தத்தை நான் ஏற்கவில்லை என்று எண்ணி, அவள் முதலிலிருந்து விளக்கத் தொடங்கினாள்.

தொண்ணூறுகளில், நான் ஹம்பர்க்குக்கு வந்த பிறகு, அம்மா என் தம்பி முருகையாவுடன் இலங்கை மலைநாட்டு அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், இருந்தார். கடைவீதியில் ரஹீம் நானாவின் கடையில் டெலிபோன் இருந்தது. "கடைக்கே போன் எடுங்க தம்பி, முருகையாவ நான் கூட்டியாறேன்" என்று அவர் சொல்லியிருந்தார். நான் எடுக்கவில்லை. தோட்டத்து ஆபீசுக்கு எடுத்து, பெரிய கிளாக்கரிடம் ஆங்கிலத்தில் விசாரித்தேன். லயத்துப் பிள்ளையின் ஆங்கிலத்தை ஆபீஸ் கேட்க வேண்டும் என்ற ஆசை. கிளாக்கர் கங்காணியிடம் கேட்பார். கங்காணி, வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டில், எல்லோர் முன்னாலும் தம்பியிடம் கேட்பார். ஆபீஸ் கேட்டால் லயத்தில் ஒரே பதில்தான்: "நல்லா இருக்கோமுங்க." நோய் என்றால் வேலைக்குப் பேர் விழாது என்ற பயம். அங்கேயே வளர்ந்த எனக்கு இது தெரியாததல்ல.

அம்மாவின் மார்பில் கட்டி வளர்ந்தபோதும் அந்தப் பதிலே வந்தது. நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. சாவுச் செய்தி கேட்டு நான் ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு மண் போட்டிருந்தார்கள்.

"ஆபீஸ்ல எதுக்குண்ணே கேட்டீங்க?" என்றான் முருகையா. "ஏங்கிட்ட கேட்டிருந்தா அழுதிருப்பேனே."

உல்ரிகே சிரித்த அன்று மாலை, முருகையா புதிதாக வாங்கியிருந்த கைபேசிக்கு முதல்முறையாக நேராக எடுத்தேன். நலம் கேட்டு முடிப்பதற்குள் இருமல் கேட்டது.

"என்னடா, இருமுற?"

"நான் இல்லீங்க. பக்கத்துல நிக்கிறவரு."

மறுபடி அதே இருமல். அது ஓயும்வரை அவன் பேசவில்லை.

"அவர டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு" என்றேன்.

"சொல்றேங்க."

"ராவுல தூங்குறாரா?"

"கொஞ்சம் கஷ்டந்தாங்க அவருக்கு."

ரிசீவரைக் காதோடு அழுத்தியபடி, கூடப் பிறந்தவனிடம் யாரோ ஒருவரைப் பற்றி வெகுநேரம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.