பலகையில் தொங்காத சாவி

என் அக்காவைக் கட்டியவர் பூட்டுக்கடை வைத்திருக்கிறார். தன் நிழலையே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நடக்கிற ஆள். கல்யாணமான புதிதில் அக்கா, "பீரோ சாவி எங்கங்க?" என்று கேட்டிருக்கிறாள். "எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு அக்கா இன்றுவரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. அப்பா அசந்த நேரம் பார்த்து அப்பாவின் அலமாரியைத் திறந்து தரச் சொன்ன பிள்ளைகளை மச்சான் பார்த்திருக்கிறார். அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "என் வீடுதாங்க, சாவி தொலைஞ்சுபோச்சு" என்று சத்தியம் செய்தவர்களையும் பார்த்திருக்கிறார். அதனால் கடையில் யாருக்கும் முதுகு காட்டி உட்கார மாட்டார். சாவி வெட்டும் இயந்திரத்தைக்கூட வாசலைப் பார்த்தபடிதான் போட்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் தெருவே மாற்றுச் சாவிகளைக் கொடுத்து வைத்திருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பலகை. அதில் எண் போட்ட கொக்கிகள், கொக்கிக்கு ஒரு சாவி. அந்தப் பலகைதான் மச்சானுடைய மானம், மரியாதை எல்லாம். அதிலிருந்து ஒரு சாவி தப்பான கைக்குப் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

எதிர்ச் சாரியில் என் நகலெடுக்கும் கடை. அதனால் நடந்ததெல்லாம் என் கண் முன்னால் நடந்தது.

வேறு தேசங்களிலிருந்து வந்து குடியேறுகிறவர்கள் எங்கள் ஊரில் பெருகியபோது, நகராட்சி ஒரு ஏற்பாடு செய்தது. நூலகம் அவர்களுக்குக் காலையில் மொழி சொல்லிக்கொடுக்கும். மருத்துவமனை வாரம் ஒருநாள் தனியாக நேரம் ஒதுக்கும். வியாபாரிகள் சங்கம் ஆளுக்கொரு கடையில் மதியத்துக்கு மேல் வேலை கொடுக்கும். எல்லோரையும் நூலகத்தில் கூட்டி வைத்து, நகராட்சியிலிருந்து வந்த அதிகாரியம்மா நன்றாகத்தான் பேசினார். 'எங்கள் கதவு திறந்திருக்கிறது' என்று அச்சடித்த ஒட்டுத்தாளைக் கடைக்கு ஒன்றாகக் கொடுத்தார்.

மச்சான் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, நான் பூட்டுக்கடை வெச்சிருக்கேன். இதை எங்க ஒட்டுறது?"

எல்லோரும் சிரித்த சிரிப்பில் அவரும் தலையாட்டிவிட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் தலையிலும் ஒருவரைக் கட்டிவிட்டார்கள்.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். தெருவில் எல்லோரும் அவரைப் புதியவர் என்றார்கள். நூலகத்தில் படித்த பாஷையைச் சுத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைப்பார். தோளில் ஒரு பை. வேலை செய்யும்போதும் அதைக் கீழே வைக்க மாட்டார். அவரும் சுவரோடு முதுகை ஒட்டி, வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். அந்தச் சின்னக் கடையில் இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

மச்சான் சந்தேகப்படுகிறவர்களிடம் மரியாதையைக் கூட்டிவிடுவார். "வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீங்களா" என்று ஒரே உபசாரம். அதே நேரம் புதியவரைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிவேலைக்குப் போகும்போது பலகையின் கண்ணாடிக் கதவைப் பூட்டாமல் விட்டு, இடுக்கில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிவிட்டுப் போவார். இரண்டாம் தடவையே காகிதம் கீழே கிடந்தது. சாவிகளை எண்ணினார். ஒன்றும் குறையவில்லை.

ஒன்று குறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். நேரே என் கடைக்கு வந்தார்.

"அந்தப் பையில ஒரு சோப்பு இருக்குடா."

"கை கழுவ வெச்சிருப்பார் மச்சான்."

"கடையிலதான் சோப்பு இருக்கே. சாவியை சோப்புல அமுக்கினா அச்சு விழும். தெரியுமா உனக்கு?"

 என் வீட்டுச் சாவியும் அந்தப் பலகையில்தான் இருக்கிறது.

அந்த வாரமே வெட்ட வெளிச்சமாகிவிட்டது. பக்கத்துக் கட்டடத்தின் கதவுகளுக்கெல்லாம் கொஞ்ச நாள் முன்புதான் புதுப் பூட்டு போட்டிருந்தார்கள். பூட்டை மாட்டியது மச்சான், சாவி வெட்டியது புதியவர். அங்கே நான்காம் எண் வீட்டுப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். காயப்போட்ட துணியை எடுக்க வெளியே வந்திருக்கிறாள், காற்றில் கதவு சாத்திப் பூட்டிக்கொண்டுவிட்டது. உள்ளே தவழுகிற குழந்தை. அடுப்பில் பாத்திரம்.

மச்சான் பலகையிலிருந்து ஒரு சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். நானும் புதியவரும் பின்னாலேயே ஓடினோம். படிக்கட்டில் தீய்ந்த வாடை அடித்தது. சாவி துவாரத்துக்குள் போனது, ஆனால் திரும்பவில்லை. அந்தப் பெண் கதவில் அறைந்து அழுதாள். மச்சான் திரும்பிப் புதியவரின் சட்டையைப் பிடித்தார்.

"சாவியை மாத்திட்டியாடா? சோப்புல அச்சு எடுத்தல்ல நீ?"

கட்டடமே கேட்டது. புதியவர் பிடியை விடுவித்துக்கொண்டு இறங்கி ஓடினார். ஓடியே போய்விட்டான் என்றுதான் நான் நினைத்தேன். போன வேகத்தில் வேறு சாவியோடு வந்து கதவைத் திறந்தார். பாத்திரம் கருகிப் போயிருந்தது. குழந்தை மேசைக்கு அடியில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தது.

"நாலாம் வீட்டுச் சாவி ஏழாம் கொக்கியில் இருந்தது, ஐயா" என்றார் புதியவர், மூச்சு வாங்க. "நான் வெட்டிய சாவி, எனக்குத் தெரியும். நிறைய சாவி அப்படி இடம் மாறி இருந்தது. உங்களுக்குப் பார்வை மங்குகிறது என்று நினைத்தேன். கேட்டால் வருத்தப்படுவீர்கள். அதனால் நானே சரியாக மாட்டினேன்."

மச்சானுக்கு முகம் சுண்டிப்போனது.

விஷயம் இதுதான். எந்த வீட்டுச் சாவியையும் அவர் அந்த வீட்டு எண்ணில் மாட்டுவதே இல்லை. மூன்று தள்ளித்தான் மாட்டுவார். அந்தப் பழக்கத்தில்தான் நான்காம் வீட்டுக்கு ஏழாம் கொக்கிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். திருடன் வந்தாலும் எந்தச் சாவி எந்த வீட்டுக்கு என்று தெரியக்கூடாதாம். இதை அக்காவுக்குக்கூடச் சொன்னதில்லை.

அன்று அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. விளைவு, மறுநாள் காலை கடை முன்னால் தெருவே நின்றது. அவரவர் சாவி அவரவருக்கு வேண்டும். சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரர் முன்னால் நின்றார்.

"அச்சு எடுத்தான்னு நீங்கதானே சத்தம் போட்டீங்க? ஆளை அனுப்பிடுங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

எவ்வளவு சுலபமான வழி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பலகை தப்பிக்கும். புதியவர் வழக்கம்போல் சுவரோரமாக நின்றார். பை தோளில் இருந்தது. போகச் சொல்வார்கள் என்று தெரிந்தே வந்திருந்தார். மச்சான் ஆமாம் சொல்லிவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. சொல்லிவிட்டால் நன்றாக இருக்குமே என்றும் இருந்தது.

மச்சான் தொண்டையைச் செருமினார். "அவர் எதையும் மாத்தலை. நான்தான் சாவியெல்லாம் இடம் மாத்தி மாட்டி வெச்சிருந்தேன். அவர் சரி பண்ணினார். தப்பு என்னுது. நம்பிக்கை இல்லாதவங்க சாவியை வாங்கிக்கலாம்."

பாதிப் பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். மருந்துக்கடைக்காரரும் வாங்கிக்கொண்டார். போகிற போக்கில், "இவ்வளவு பேசறீங்களே, அவர் தன் வீட்டுச் சாவியை உங்ககிட்ட கொடுத்திருக்காரா?" என்று ஒரு கொக்கி போட்டுவிட்டுப் போனார்.

அது மச்சானைக் குடைந்திருக்க வேண்டும். கூட்டம் கலைந்ததும் கேட்டேவிட்டார். "உங்க வீட்டுச் சாவி ஒண்ணு இங்க மாட்டி வைக்கலாமே?"

புதியவர் பையின் வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டார். பிறகு, "வேண்டாம் ஐயா" என்றார். "எங்கள் நாட்டில் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருந்தோம். நல்ல மனிதர். எங்களைப் பிடிக்க ஆட்கள் வந்த அன்று, அவர்தான் கதவைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு மாற்றுத்துணி, சோப்பு எல்லாம் எந்நேரமும் இந்தப் பையிலேயே இருக்கும். இங்கே தினமும் மேசையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் தூங்குகிறோம்."

மச்சான் எழுந்து போய் உள்ளறையிலிருந்து, இருப்பதிலேயே உசத்தியான ஒரு பூட்டை எடுத்து வந்தார். அதைப் பிரித்து உள்ளே இருந்த ஊசிகளைத் தட்டில் கொட்டினார். ஊசிகளை எந்த வரிசையில் அடுக்குகிறோமோ அந்த வரிசைக்குத்தான் சாவி வெட்ட முடியும்.

"நீங்களே அடுக்குங்க. சாவியும் நீங்களே வெட்டுங்க. நான் பார்க்கலை."

சொல்லிவிட்டு ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் அவர் முதுகை நான் பார்த்தது அன்றைக்குத்தான். இயந்திரம் ஓடி நிற்கும்வரை அவர் அசையவில்லை. 

சாயங்காலம் போய் அந்தப் பூட்டைப் புதியவர் வீட்டுக் கதவில் பொருத்தினோம். அவருடைய மனைவி எட்டத்திலேயே நின்று எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் மச்சான் வெளியே வந்து நின்றார்.

"உள்ள இருந்து பூட்டிப் பாருப்பா."

பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மச்சான் தோளால் ஒரு தடவை முட்டிப் பார்த்தார். கதவு அசையவில்லை. இறங்கப் படியில் கால் வைத்தபோது, உள்ளே மேசை இழுபடுகிற சத்தமும் கேட்டது.

நான் மச்சான் முகத்தைப் பார்த்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன்.

"இழுக்கட்டும்டா" என்றார். "நானா இருந்தாலும் இழுப்பேன்."