கடைசி ஆட்டமும் ஒரு டப்பா முறுக்கும்

போன மாசியில் அமெரிக்காவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் எனக்கு அதுதான் முதல் விமானப் பயணம். தங்கை மகள் அங்கே பள்ளியில் கடைசி வருஷம் படிக்கிறாள். கூடைப்பந்து டீமில் இருக்கிறாள் என்று போனில் கேட்டுக் கேட்டுப் பூரித்துப்போயிருந்தேன்.

முதல் வெள்ளிக்கிழமையே ஆட்டம் பார்க்கப் போனோம். ஒரு பள்ளிக்கூட ஆட்டத்துக்கு ஊரே திரண்டிருந்தது. கிழவர், குழந்தை எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, மேளதாளம் வேறு. நம் மாரியம்மன் பண்டிகை தோற்றுவிடும். எங்கள் பெண் மட்டும் கடைசிவரை பெஞ்சில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

“நாலு வருஷமா இப்பிடித்தாண்ணா. எப்பவாச்சும்தான் உள்ள உடுவாங்க,” என்றாள் தங்கை.

எனக்குப் பொறுக்கவில்லை. நம் பக்கம் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டுமென்றால் பெரிய மனுஷர் யாராவது போய் ஒரு வார்த்தை சொல்வது வழக்கம். தாய்மாமன் நான் எதற்கு இருக்கிறேன்? மறுவாரம் அவளைக் கூட்டிவரப் பள்ளிக்குப் போனபோது, ஊரிலிருந்து கொண்டுபோன ராகி முறுக்கு டப்பாவை அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கோச்சம்மாவிடம் நீட்டி, “மை கேர்ள்... பிளீஸ்... பிளே” என்று கும்பிட்டேன். அந்த அம்மா ஒரு முறுக்கைக் கடித்துவிட்டுச் சிரித்துத் தலையாட்டினார். காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது அவர்கள் சொந்தப் பள்ளியில் ஆடும் கடைசி ஆட்டம். படிப்பை முடித்துப் போகிற பெண்களை அன்று முதலில் இறக்கிவிடுவது அங்கே ஒரு மரியாதையாம். அப்படிப்பட்டவர்கள் ஆறு பேர், இடமோ ஐந்து. ஆட்டத்துக்கு முன் சொன்ன ஐவரில் எங்கள் பெண் இருந்தாள். டீமிலேயே கெட்டிக்காரியான கேப்டன் பெண் இல்லை. நான் பெருமை தாங்காமல் முறுக்குக் கதையை எங்கள் பெண்ணிடமே உளறிவிட்டேன்.

அவள் முகம் சுண்டிவிட்டது. “ஏன் மாமா இப்பிடிப் பண்ணீங்க? அது அவ எடம். நீங்க கேட்டுக் கெடச்சதுன்னா நான் உள்ளயே போவ மாட்டேன்,” என்று அழுதபடி நேரே கோச்சம்மாவிடம் போய்விட்டாள். நாலு வருஷம் காத்திருந்ததை என் வாயால் கெடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தன் இடத்தை இவளுக்குக் கொடுக்கச் சொல்லிப் போன மாதமே கேட்டதே அந்தக் கேப்டன் பெண்தானாம். தினமும் பயிற்சியில் தன்னை எதிர்த்து நின்று, மறித்து மறித்துத் தன்னை நன்றாக ஆடவைத்தவள் இவள்தான் என்றாளாம். “முறுக்கு நல்லா இருந்துச்சாம் மாமா. அவ்ளோதான்,” என்றாள்.

ஆட்டத்தில் எங்கள் பெண் எறிந்த ஒரே பந்தும் வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. ஆனாலும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பெஞ்சிலிருந்து குதித்துக் குதித்துக் கத்திய கேப்டனோடு சேர்ந்து நானும் விசில் அடித்தேன்.

நான் கெஞ்சி வாங்கித்தர நினைத்த இடத்தை அவள் யாரும் பார்க்காத நாட்களிலேயே சம்பாதித்து வைத்திருந்தாள். அது தெரியாமல் அவளுக்காக இரக்கப்பட்டதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது, அவளை நினைத்தாலோ நெஞ்சு நிமிர்கிறது.