வாங்காமல் வந்த டயர்கள்

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆடி மாதம் நடந்தது இது. நாங்கள் அப்போது மைசூரில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்திருந்தார். ஹனூர் பக்கத்தில் என் அப்பாவின் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் தக்காளி, பீன்ஸ் ஏற்றிக்கொண்டு வந்து தேவராஜ மார்க்கெட்டில் இறக்குவார். வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

அந்த வருஷ மழைக்கு முன்பே டயர்கள் மொட்டையாகிவிட்டன. தோட்டத்திலிருந்து தார் ரோட்டைப் பிடிக்கும் வரை செம்மண்ணும் கல்லும் கலந்த பாதை. தூறல் விழுந்தாலே வண்டி சேற்றில் நின்ற இடத்திலேயே சுற்றும். ஒரு நாள் மாடுகளைப் பூட்டி இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். இனி டயர் மாற்றாமல் முடியாது என்று டயர் கடைகள் இருக்கும் மண்டி மொஹல்லாவுக்கு நானும் அவரோடு கிளம்பினேன். இவர் தனியாகப் போனால் கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார் என்பது என் எண்ணம்.

மூன்று கடை ஏறி இறங்கினோம். கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும் பட்டன் டயர்தான் எங்கள் பாதைக்கு வேண்டும். சேற்றைக் கவ்விப் பிடிக்கும், கல்லும் தாங்கும். புதிதாக ஒரு ஜோடி வாங்கவே எங்களால் முடியாது, நான்குக்கு எங்கே போவது? தார் ரோட்டு டயர் விலை குறைவுதான், ஆனால் சேற்றில் பழையபடி மாட்டைத்தான் தேட வேண்டும். பழைய டயர் மேல் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயரை என் கணவர் தொட்டே பார்க்கவில்லை. பாரம் ஏற்றிக்கொண்டு நீண்ட தூரம் ஓடினால் சூட்டில் ஒட்டு பிய்ந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

வாடிய முகத்தோடு திரும்பும்போது, கடைசிக் கடையில் நின்றிருந்த ஒரு புரோக்கர் பின்னாலேயே வந்தார். ஹெப்பாள் பக்கத்தில் ஒரு தமிழ்க்காரர் வீட்டில் பட்டன் டயர்கள் கிடக்கின்றன, வண்டி இல்லாததால் விற்கிறார்கள், அதிகம் ஓடாத டயர், பாதி விலைக்கும் கீழே தருவார்கள் என்றார். எங்களுக்குத் தெய்வமே வழி காட்டியதுபோல இருந்தது. அப்படியே பஸ் ஏறினோம்.

தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு வரிசை ஓட்டு வீடுகள். கடைசி வீட்டு வாசலில் டயர்களைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். கருகருவென்று எண்ணெய் போட்டுத் துடைத்ததுபோல மின்னின. கட்டைகள் உயரமாக, பள்ளங்கள் ஆழமாக இருந்தன. என் கணவரின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அந்த வீட்டு ஆளுக்கு முப்பது வயசு இருக்கும், ஒரு ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர். அண்ணனுடைய வண்டி டயர்கள் என்று மட்டும் சொன்னார். அண்ணன் எங்கே என்று நாங்களும் கேட்கவில்லை.

ஆண்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். என் வயசுதான் இருக்கும். நெற்றியிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லை.

"உள்ள வாங்கக்கா, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போவீங்க" என்றாள்.

உள்ளே போனேன். சின்னப் பெண் குழந்தை ஒன்று பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் காபி எதுவும் இல்லை. அவள் என் கையைப் பிடித்து அடுப்படி மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, பேடா. அந்த டயரு உங்களுக்கு வேணாம். வேணாம்னு சொல்லிட்டுப் போயிடுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் அந்த டயராலதான் செத்துப்போனாரு" என்றாள்.

அவள் அடுத்தடுத்துச் சொன்னது இதுதான். அவள் கணவரும் எங்களைப்போலவே விலை குறைவாக இருக்கிறதே என்று யாரிடமோ அந்த டயர்களை வாங்கியிருக்கிறார். மலை ரோட்டில் பாரத்தோடு இறங்கும்போது முன் டயர் ஒன்று வெடித்து வண்டி பள்ளத்தில் உருண்டுவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் கிழிந்த டயரைப் பார்த்த ஒரு லாரி டிரைவர்தான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவை தேய்ந்து ஓய்ந்த டயர்கள். மிச்சமிருந்த ரப்பரில் சூடான கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி, கருப்பு பூசி விற்றிருக்கிறார்கள். வெளியே சாய்த்து வைத்திருப்பவை அந்த வண்டியிலிருந்து கழற்றிய மற்ற டயர்கள்.

"பள்ளத்துக்குள்ள விரல விட்டுப் பாருங்கக்கா. நூல் தட்டும். வெளியே நிக்கிற எங்க கொழுந்தனாருக்கும் தெரியும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இந்த வீட்டுலதான் நானும் குழந்தையும் இருக்கணும்."

வெளியே வந்தேன். டயரைப் பார்ப்பதுபோலக் குனிந்து பள்ளத்துக்குள் விரலை நுழைத்தேன். அடியில் சொரசொரவென்று துணி நெசவு தட்டியது. கணவரை அடுப்படி ஜன்னல் பக்கமாகத் தள்ளிக் கூப்பிட்டுக்கொண்டு போய், "ஏனுங்க, இது வேண்டாமுங்க. வெட்டி வச்ச டயரு. உள்ளே நூல் தெரியுது" என்றேன்.

அவர் போய் விரலை விட்டுப் பார்த்தார். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தோட்டத்துல தக்காளி அழுகுது புள்ள. ஒரு ரெண்டு மாசம் ஓட்டிட்டு மாத்திக்கலாம். மெதுவா ஓட்டுனா ஒண்ணும் ஆகாது."

அவர் முட்டாள் இல்லை. தெரிந்தேதான் சொன்னார். வழி இல்லாதவனுக்கு அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றும் என்று இப்போது எனக்குப் புரிகிறது. அவர் பையிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு ஆளை நோக்கி நடந்தார்.

அப்போது அந்தப் பெண் வெளியே வந்தாள். கையில் விறகு வெட்டும் கொடுவாள்.

"அவரும் மெதுவாத்தாங்க ஓட்டுனாரு" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

யாரும் அசைவதற்குள் முதல் டயரின் பக்கவாட்டில் ஓங்கி வெட்டினாள். ரப்பர் கொடுவாளைத் திருப்பி எறிந்தது. மறுபடி வெட்டினாள். அது கிழிந்ததும் அடுத்ததற்குப் போனாள். பிடி வழுக்கி உள்ளங்கையில் ரத்தம் வந்தது, அவள் நிறுத்தவில்லை. அவள் கொழுந்தனார் ஓடிப்போய் கொடுவாளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவளை அடிக்கக் கையை ஓங்கினார். என் கணவர் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"இருந்தது இது ஒண்ணுதான், இதையும் நாசம் பண்ணிட்டா! இவளுக்கும் குழந்தைக்கும் யாரு சோறு போடறது? நீங்க போடுவீங்களா?" என்று கொழுந்தனார் கத்தினார். பிறகு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த மனுஷனை வெறுக்கவும் என்னால் முடியவில்லை. செத்தது அவருடைய அண்ணன்.

நான் என் முந்தானையைக் கிழித்து அவள் கையில் கட்டினேன். "எங்களோட வாங்க" என்று என் வாயில் வந்துவிட்டது. வந்து எங்கே இருப்பது, என்ன சாப்பிடுவது என்று எனக்கே தெரியாது. அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"நீங்க போங்கக்கா. பஸ் போயிடும்" என்று மட்டும் சொன்னாள். உள்ளே குழந்தை எழுந்து அழ ஆரம்பித்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்குத் திரும்பிய என் கணவர் அன்று சாப்பிடவில்லை. மறுநாளே வண்டியை நிறுத்திவிட்டு, எந்த மார்க்கெட்டில் சொந்த வண்டியோடு போய் நின்றாரோ அதே மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். அப்பாவின் தக்காளி அந்தத் தடவை செடியிலேயே அழுகியது. வேறு வண்டி பேசி அனுப்பினால் வாடகைக்கே போதாது. மழைக்காலம் முடிந்த பிறகுதான் பின்சக்கரங்களுக்கு மட்டும் புது பட்டன் டயர் வாங்கினோம். முன்சக்கரங்களுக்குத் தார் ரோட்டு டயரே போதும் என்று விட்டுவிட்டோம். வண்டி மெல்ல மறுபடி ஓட ஆரம்பித்தது.

தீபாவளி நெருங்கும்போது, குழந்தைக்கு ஒரு கவுனும் அவளுக்கு ஒரு சேலையும் எடுத்துக்கொண்டு ஹெப்பாளுக்குப் போனேன். அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் விசாரித்தேன்.

"நீங்க போனீங்கல்ல, அதே வாரம் அந்தப் பொண்ணையும் குழந்தையையும் தாய் வீட்டுக்குன்னு சொல்லி பஸ் ஏத்தி அனுப்பிட்டாங்கம்மா. அவளுக்கு அம்மா அப்பா யாரும் இல்லைன்னு சொல்வாங்க. எந்த ஊருக்குப் போனாளோ, கொத்தில்ல, தெரியலம்மா" என்றார் அந்த அம்மா.

கவுனையும் சேலையையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு அப்பாவின் ஊர்ப்பக்கம் கொள்ளேகால் சந்தையிலும் மைசூர் தெருக்களிலும் அவள் சாயலில் யாரைப் பார்த்தாலும் கிட்டே போய் உள்ளங்கையைப் பார்ப்பேன். ஒரு தடவையும் அவளாக இருந்ததில்லை.

என் கணவர் அதன் பிறகும் பல வருடம் வண்டி ஓட்டினார். இன்று பேரப்பிள்ளைகளோடு திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வீட்டில் இருக்கிறார். அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம், முன்பின் தெரியாத எங்களுக்காகத் தன் குழந்தையின் சோற்றைத் தன் கையாலேயே வெட்டிப்போட்ட அந்தப் பெண் இன்றைக்கு எங்கேயாவது வயிறாரச் சாப்பிட்டிருப்பாளா என்று நினைக்காமல் என்னால் பரிமாற முடிவதில்லை.